வலக்கைக்குக் களிம்பு, இடக்கைக்குக் காப்பி

திண்டிவனத்தில் காப்பிப் பொடி என்றால் என் கடைதான். இதை நான் சொல்லவில்லை, பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்கக்கூட வேண்டாம். காலை எட்டு மணிக்கு நான் டிரம்மில் கொட்டையை ஏற்றினால் அந்த வாசனையே ஆளைக் கூட்டிவந்து கடை வாசலில் நிறுத்திவிடும். நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை தூக்கினேன். அப்புறம் ஒரு ஓட்டலில் டம்ளர் கழுவினேன். அங்கேயே ஓரமாக நின்று வறுக்கக் கற்றுக்கொண்டேன். யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட ஒரு பழைய வறுவல் டிரம்மை வாங்கி, நானே தட்டிக் கொட்டிச் சரிசெய்து, முப்பத்தெட்டு வருஷமாக அதன் முன்னால் நிற்கிறேன். வேறொருவர் கையை அதன் மேல் பட விட்டதில்லை.

அப்படிப்பட்டவன் போன சித்திரை மாதம், ஊரே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்த வெயிலில், முழுக்கைச் சட்டையைப் போட்டு மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு கடையில் நின்றேன். ஏன் நின்றேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்தாலாவது எனக்கே விளங்குமா என்று பார்க்கிறேன்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சைக் கொட்டையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வியாபாரிகள் சின்னதாக ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். எண் காட்டும். எனக்கு அது வேண்டாம். மூட்டையின் வாயைப் பிரித்து, வலக்கையை முழங்கை வரை உள்ளே விடுவேன். கண்ணை மூடிக்கொள்வேன். நடு மூட்டையில் கொட்டை கைக்குக் குளிர்ந்தால் ஈரம். வெதுவெதுப்பாகச் சரிந்து வழிவிட்டால் நல்ல சரக்கு. ஒருமுறை மிஷின் நல்லது என்று சொன்ன மூட்டையை நான் இறக்காதே என்றேன். லோடு கொண்டுவந்த வியாபாரி சிரித்தார். பிரித்துக் கொட்டிப் பார்த்தால் நடுவில் பூசணம் பூத்து நிற்கிறது. அன்றிலிருந்து அவர் என் கடைக்கு வந்தால் மிஷினைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை.

அடுத்து என் முகம். அறுபத்தாறு வயதில் என் முகத்தில் சுருக்கம் தேடினால்தான் கிடைக்கும். கடைக்கு வரும் பெண்பிள்ளைகள், "என்னா போடறீங்க மூஞ்சிக்கு?" என்று கேட்பார்கள். "போடறது இல்லம்மா, குடிக்கறது" என்பேன். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்கிறவன். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகள், போனில் எதையோ பார்த்துவிட்டு, காப்பிப் பொடியைத் தயிரில் குழைத்து முகத்தில் பூச ஆரம்பித்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு போகுமாம், தோல் பளபளப்பாகுமாம். அவள் சொல்லித்தான் நானும் கடையில் ஒரு அட்டையை எழுதி மாட்டினேன்: "முகத்துக்குப் பூசும் காப்பிப் பொடி கிடைக்கும்." அதில் சிக்கரி கலக்க மாட்டேன். சிக்கரியெல்லாம் குடிக்கிறவர்களுக்குத்தான். கல்லூரிப் பெண்கள் வந்தார்கள், டீச்சர் ஒருவர் வாராவாரம் வந்தார். காப்பி தோலுக்கு நல்லது என்று நான் சொன்னால் யார் மறுக்க முடியும்? என் முகம்தான் சாட்சி.

பங்குனி கடைசியில் கை அரிக்க ஆரம்பித்தது. முதலில் விரல் இடுக்கில். பிறகு சிவந்து, தடித்து, பொரிப்பொரியாக மேலே ஏறி, இரண்டு கையிலும் முழங்கைக்கு வந்ததும் நின்றுவிட்டது. கோடு கிழித்த மாதிரி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேப்பிலை அரைத்துப் பூசினேன், தேங்காயெண்ணெய் தடவினேன், அடங்கவில்லை. முகத்துக்குப் பூசலாம் என்று அட்டை மாட்டி வைத்துவிட்டு, அதற்குக் கீழே இந்தக் கையோடு நின்றால் எவன் வாங்குவான்? சட்டையை முழுக்கையாக மாற்றிக்கொண்டேன்.

என் மனைவி மூன்று நாள் பார்த்தாள்.

"வேர்வையில அந்தக் கையி அவிஞ்சி போவுது. டாக்டர்கிட்ட போலாம் வாங்க."

"திண்டிவனத்துல எந்த டாக்டர்டி என் கடைக்கு வராதவரு? அவரு பாத்தா ஊரு பாத்த மாதிரி."

"அப்ப விழுப்புரம் போலாம். அங்க உங்கள யாருக்குத் தெரியும்?"

எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. விழுப்புரத்திலும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் போனோம்.

பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரை கையைச் சொறியாமல் வந்தேன். தோல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பக்கத்திலிருந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க திண்டிவனம் காப்பிக் கடதான? வாசன வந்துது, அதான் பாத்தேன். உங்க பொடியத்தான் மூஞ்சிக்குப் போட்டுக்கினு இருக்கறேன். சூப்பருங்க! பாருங்க." முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தது. "எனக்கு கால் வெடிப்பு, அதுக்கு வந்தேன். நீங்க எதுக்கு வந்தீங்க?"

கையை மறைக்கலாம், வாசனையை எங்கே மறைப்பது? "இவளுக்குத்தான்" என்று மனைவியைக் காட்டினேன். "அரிப்பு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "ஆமாங்க" என்றாள் அந்த அம்மாவிடம். "நாப்பது வருசமா ஒரு அரிப்பு. இவர கட்டிக்கினதுல இருந்து."

டாக்டர் என் மகள் வயதுப் பெண். பொறுமையானவர். உள்ளே போனதும் சட்டையை மடித்து இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தேன். பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, முழங்கையில் விரலால் ஒரு கோடு போட்டார்.

"இது வரைக்கும்தான் இருக்கு, பாத்தீங்களா? இது வரைக்கும் கைய எதுக்குள்ளயாவது விடுவீங்களா ஐயா?"

மந்திரம் தெரிந்தவர் போலக் கேட்டார். நான் சந்தோஷமாக என் மூட்டை வித்தையை எடுத்துச் சொன்னேன். வலக்கையால் ஈரம் பார்ப்பது, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி டிரம்மில் ஏற்றுவது, பூசணம் பிடித்த மூட்டை, வியாபாரியின் மிஷின், எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார்.

"பச்சைக் காபிக் கொட்டையோட தூசு சில பேருக்கு ஒத்துக்காது. இல்லன்னா சாக்குத் தூசா இருக்கலாம். எதுன்னு இப்பவே சொல்ல முடியாது. ஒரு மாசம் ரெண்டையும் தொடாதீங்க. ரெண்டு கைக்கும் இந்தக் களிம்பப் போடுங்க."

"முப்பத்தெட்டு வருசம் ஒத்துக்கினது இப்ப எப்டிம்மா ஒத்துக்காம போவும்?"

"அப்படித்தான் ஐயா. ரொம்ப நாள் நல்லா இருந்துட்டு திடீர்னு ஆரம்பிக்கும்."

"எனக்கும் அதே கேசுதாங்க டாக்டர்" என்றாள் என் மனைவி. "இப்பதான் இவர ஒத்துக்க மாட்டேங்குது."

டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. "விளையாட்டா எடுத்துக்காதீங்க. இது அடங்கலன்னா, அந்த வறுக்கிற மிஷின் பக்கமே நீங்க நிக்கக் கூடாதுன்னு சொல்ல வேண்டி வரும்."

டிரம் பக்கம் நிற்காமல் நான் எங்கே நிற்பது? கொட்டை வெடிக்கும் சத்தத்தை வைத்து இறக்கும் நேரம் சொல்கிறவன் நான். அதைவிட்டால் என்னிடம் இருப்பது பாதி ஐந்தாம் வகுப்புதான்.

அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவள் முகமெல்லாம் காப்பிப் பொடியும் தயிரும். கண் இரண்டும் மட்டும் தெரிந்தன. திருஷ்டி பொம்மை எழுந்துவந்து கதவைத் திறந்த மாதிரி இருந்தது.

"சிரிக்க வெக்காதீங்க, காஞ்சிடுச்சு, வெடிச்சிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து என் கையைப் பார்த்ததும் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா, பச்சக் கொட்டதான ஒத்துக்கல. வறுத்தது நல்லதுதான? என் மூஞ்சியப் பாரு. போன்ல எல்லாம் அதான் போடறாங்க. காஃபின் தோலுக்கு நல்லது, வீக்கம் போவும், செவப்பு போவும்னு."

அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். பன்னீர்ப் பூ மாதிரி இருந்தது. அதே கொட்டை. நான் வறுத்து நான் அரைத்த பொடி. மகள் முகத்தில் பூ, அப்பன் கையில் நெருப்பு. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கொட்டை பச்சையாக இருக்கும்போது விரோதி, வறுத்தால் சிநேகிதனா? அப்படியானால் விரோதி செய்ததைச் சிநேகிதன் சரிசெய்வானே?

படிக்காதவனுக்கு மூளை இல்லை என்று நினைக்காதீர்கள். திண்டிவனம் வந்து இறங்குவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். வலக்கைக்கு டாக்டரம்மாவின் களிம்பு. இடக்கைக்கு என் காப்பி. ஒரு மாதம். எது ஜெயிக்கிறதோ அதைப் பிறகு இரண்டு கைக்கும் போடுவது. இதைவிட நியாயமான பரீட்சையை எந்தக் காலேஜில் வைத்துவிடப் போகிறார்கள்?

மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு புத்தி பேஜாராயிடுச்சி" என்றாள். ஆனாலும் காலையில் டிகாஷன் இறக்கியபின் பில்டரில் தங்கும் சக்கையை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். அதை ஆறவைத்து இடக்கையில் பூசி அரை மணி நேரம் விட்டுக் கழுவுவேன். வலக்கைக்குக் களிம்பு. ஒருநாள்கூடத் தவறவில்லை.

கொட்டையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் அல்லவா? அதையும் கடைப்பிடித்தேன். அள்ளி ஏற்றும் வேலையை மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஒரு தகர டப்பாவால் மொண்டு டிரம்மில் போட்டாள். நான் தள்ளி நின்று நேரம் மட்டும் சொன்னேன். மூட்டை வந்தால் ஈரம் மட்டும் பார்த்துக்கொண்டேன். அது தொடுவது ஆகாது, பார்ப்பது. அதை இன்னொருவர் செய்யவும் முடியாது.

மாதம் முடிந்தது. இடக்கை சுத்தமாகிவிட்டது! பொரி உதிர்ந்து, தோல் கொஞ்சம் கருத்து, அரிப்பு அடியோடு நின்றுபோயிருந்தது. களிம்பு போட்ட வலக்கையோ முன்னைவிட மோசம், தோல் வெடித்து நீர் வடிந்தது. நான் டாக்டரைத் தோற்கடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே கும்மாளம். ஒரு கிலோ நல்ல பொடியைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் விழுப்புரம் போனேன். தோற்றவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா?

இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தேன். "எது உங்க களிம்பு, எது என் காப்பின்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன்.

அவர் புரியாமல் விழித்தார். பரீட்சையை முதலிலிருந்து விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு என் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மூட்டைக்குள்ள எந்தக் கைய விடுவீங்க?"

"வலக்கை."

"இந்த ஒரு மாசமும் விட்டீங்களா?"

"ஈரம் மட்டும்தாம்மா பாத்தேன்."

"ஈரம் மட்டும்!" என்றாள் என் மனைவி. "லோடு வந்த அன்னிக்கு எட்டு மூட்ட. அப்புறம் தெனம் பிரிச்சி வெச்ச மூட்டையில ஒருவாட்டி. நான் கையி கையின்னு கத்திக்கினே இருக்கறேன் டாக்டர், இவரு கண்ண மூடிக்கினு நிக்கறாரு, சாமி வந்தவரு மாதிரி."

எனக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. இடக்கை ஒரு மாதமாகக் கொட்டையைத் தொடவே இல்லை. வலக்கை தினம் உள்ளே போய் வந்திருக்கிறது.

"அப்ப இடக்கைய காப்பி ஆத்தலியா?"

"ஆத்தியிருக்கலாம். சும்மா விட்டதால தானா ஆறியிருக்கலாம். காபி பூசாம இருந்தா இன்னும் சீக்கிரமே ஆறியிருக்கலாம். நீங்க ரெண்டு விஷயத்தையும் ஒண்ணாக் கலந்துட்டீங்க ஐயா. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"உங்களாலயுமா?"

"என்னாலயும்தான்."

இவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானே சொன்னதில்லை. "சரிம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. காப்பி தோலுக்கு நல்லதா, கெட்டதா? கடையில அட்ட மாட்டி வச்சிருக்கறேன். ஜனங்க கேக்கறாங்க."

அவர் பதில் சொன்னார். எனக்கு ஞாபகம் இருக்கும் வரை எழுதுகிறேன். காஃபின் பூசினால் கண்ணுக்குக் கீழே இருக்கிற வீக்கம் கொஞ்ச நேரம் அடங்கலாம், ஆனால் கருப்பு வெளுக்காது. பொடி கரகரப்பாக இருந்து அழுத்தித் தேய்த்தால் தோல் கீறிப்போகும். குடிப்பது அளவோடு இருந்தால் பயமில்லை, அதனால் முகம் மினுக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது.

"அப்ப என் மூஞ்சி?" என்றேன்.

"உங்க அப்பா அம்மா மூஞ்சி எப்படி?"

என் அப்பாவுக்கு எண்பது வயதிலும் முகம் வழவழவென்றுதான் இருந்தது. அவர் காப்பியே குடித்ததில்லை. காலையில் கேப்பைக் கூழ்தான். அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

கடைசியாக அவர் சொன்னது மட்டும் குழப்பமில்லாமல் இருந்தது. "மூட்டைக்குள்ள கை இனிமே போகவே கூடாது. ரெண்டு கைக்கும் களிம்பு. கை ஆறினா வறுக்கிற மிஷின்கிட்ட நில்லுங்க. ஆறலன்னா ரெண்டையும் விடணும்."

மூட்டையா, டிரம்மா. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. பொடிப் பொட்டலத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். சர்க்கரை கம்மியாகப் போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

அடுத்த லோடு ஆடி மாதம் வந்தது. வெளியே ஈரக்காற்று. மூட்டைகளைக் கடை வாசலில் இறக்கி அடுக்கிவிட்டு வியாபாரி வழக்கம் போல ஒதுங்கி நின்றார். நான் அசையவில்லை. வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். அது அங்கேயே முஷ்டி பிடித்துப் பிடித்து விட்டது.

"என்னா பெரியவரே, கை வெக்கல? மிஷின எடுக்கட்டுமா?" என்றார். அவர் குரலில் இத்தனை வருஷத்துக் கணக்கைத் தீர்க்கிற குஷி இருந்தது.

எடுக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, முதல் மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டாள். கண்ணை மூடவில்லை. வியாபாரியிடம் அவர் மருமகளுக்குப் பிரசவமாகிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டே கையை எடுத்தாள். அடுத்தது. அடுத்தது. ஆறாவது மூட்டையில் பேச்சை நிறுத்தினாள்.

"இது வேணாம். நடுவுல குளுருது."

வியாபாரி சிரித்தார். மிஷினை எடுத்து, மூட்டையின் வாய்ப்பக்கம் இருந்த கொட்டையை அள்ளிப் போட்டுப் பார்த்து, நல்ல சரக்கு என்றார். "வாயில இருக்கறது நல்லாதான் இருக்கும். உள்ள இருக்கறத எடுத்துப் போடுங்க" என்றாள். மூட்டையைக் கவிழ்த்தோம். நடுவில் ஒரு படி அளவு கொட்டை பூத்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. மிஷின் திரும்பவும் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

லாரி போனதும் கேட்டேன். "உனக்கு எப்டிடி தெரியும்?"

"நீங்க கல்யாணம் காட்சின்னு ஊருக்குப் போனப்பல்லாம் வந்த லோட யாரு பாத்தாங்கன்னு நெனச்சீங்க?"

"டிரம்ம கூடவா?"

"ஒரு நாளாவது கட மூடியிருந்துச்சா?"

டிரம் மேல் வேறு கை பட்டதில்லை என்று முப்பத்தெட்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஊரில் இல்லாத நாள் பொடியைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. அதற்குப் பெருமைப்படுவதா வேண்டாமா என்றும் புரியவில்லை.

என் கை இப்போது ஆறிவிட்டது. இரண்டும்தான். டிரம் முன்னால் நான்தான் நிற்கிறேன், மூட்டைப் பக்கம் அவள் நிற்கிறாள். முழுக்கைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டேன். அட்டையைக் கழற்றவா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். வாராவாரம் வரும் டீச்சர், "இது தோலுக்கு நல்லதுதானங்க?" என்று போன சனிக்கிழமை மறுபடி கேட்டார். முன்னெல்லாம் அந்தக் கேள்வி முடியும் முன்பே நான் பதில் சொல்லிவிடுவேன். அன்று டிரம்மைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். "உங்களுக்கு ஒத்துக்குதாம்மா?" என்று திருப்பிக் கேட்டேன். ஒத்துக்கொள்கிறது என்றார். "அப்ப பூசுங்க. அழுத்தித் தேய்க்காதீங்க" என்றேன். அவர் போனதும் அட்டையில் 'முகத்துக்குப் பூசும்' என்பதற்கு மேலே 'ஒத்துக்கொண்டால்' என்று சின்ன எழுத்தில் எழுதிச் சேர்த்தேன்.

இப்போது தினம் காலையில் நான் செய்யும் முதல் வேலை ஒன்று இருக்கிறது. மனைவி காப்பி டம்ளரை நீட்டும்போது, டம்ளரை வாங்குவதற்கு முன் அவள் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் இடுக்கிலிருந்து முழங்கை வரை பார்க்கிறேன். "விடுங்க, காப்பி ஆறுது" என்கிறாள். இதுவரை ஒரு புள்ளிகூட இல்லை. அதே கொட்டை, அதே சாக்கு, அதே மூட்டை. காப்பியால் அவள் தோல் நன்றாக இருக்கிறதா, காப்பியை மீறி நன்றாக இருக்கிறதா என்று கேட்டீர்களானால், எனக்குத் தெரியாது.